நாலு இட்லிக்குச் சமமான சாக்லேட்

ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர்கள் டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள், பில்லைப் பற்றிச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சாக்லேட் காகிதத்தின் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருந்தது என்று சொல்லியாக வேண்டும். அதை நாங்கள் பாதி படித்தோம். மீதிப் பாதியைப் படிக்காததில் என் விரல் போகப் பார்த்தது. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்து ஒரு நிமிஷம் நின்று யோசித்தால் போதும்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சேத்தியாத்தோப்பில் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்க்காமல் நம்பமாட்டேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு வந்தது நோய்.

இரண்டாயிரத்து ஒன்பது, ஆவணி மாதம். முகூர்த்த வேலை குவிந்து கிடந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் மிஷின் ஊசி நகத்தோடு இறங்கி உடைந்தது. தையல்காரிக்கு இது நடக்காத காரியமில்லை. ஊசித்துண்டைப் பிடுங்கி மஞ்சளை அப்பிக்கொண்டு மீதி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தேன். முன்னெல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும். இந்தமுறை விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அமுக்கினால் சீழ். உள்ளூர் ஊசிக்கும் மாத்திரைக்கும் அது மசியவில்லை. வீட்டுக்காரர் தன் பஸ்ஸிலேயே என்னை ஏற்றிக் கடலூருக்குக் கூட்டிப்போனார்.

கடலூர் டாக்டர் விரலைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. விரலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சுகர் இருக்காம்மா?"

"எங்க வம்சத்துலயே இல்லீங்க."

"பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. பார்க்காமலே எப்படி இல்லை என்று சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. ரத்தம் எடுத்தார்கள். நானூறைத் தாண்டி இருந்தது. நான் நம்பவில்லை. அவர்களுடைய மிஷின் பழுது, அல்லது வேறு யாருடைய ரத்தத்தையோ என் பேரில் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி எதிர்த்த லேபில் போய் மறுபடி கொடுத்தேன். அங்கேயும் அதே நானூறு. இரண்டு லேபும் ஒரே முதலாளியோ என்று கேட்டேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

காத்திருக்கும் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தது. ஒரு இட்லிக்கு அறுபது கலோரி, ஒரு தோசைக்கு இவ்வளவு, வடைக்கு இவ்வளவு என்று படத்தோடு போட்டிருந்தது. கலோரி என்றால் நாம் தின்பதில் உள்ள தெம்பின் அளவு. டிக்கெட் கணக்குப் பார்க்கிற மனுஷன் அல்லவா, இவர் அதை அண்ணாந்து நின்று மனப்பாடம் செய்துகொண்டார். அந்தப் படத்தில் தப்பில்லை. இவர் போட்ட கணக்கிலும் தப்பில்லை. ஆனால் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அறுவை டாக்டரும் சர்க்கரை டாக்டரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடமாகப் போகச் சொன்னார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். விரலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். அதில் கொஞ்சத்தைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அதாவது அந்தக் கிருமியை ஒரு தட்டில் வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று கண்டுபிடிப்பது. எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் கெடவில்லை. அறுவை டாக்டர் வயசானவர், வளவள என்று பேசமாட்டார்.

"ரத்தத்துல சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா கிருமிக்கு விருந்து. புண்ணு ஆறாது. சர்க்கரை எறங்கினா விரல் தப்பிக்கும். எறங்கலன்னா மொத கணு வரைக்கும் எடுக்கணும்."

"எடுக்கணும்னா?"

"எடுக்கணும்னா எடுக்கணும்தாம்மா."

துணியை ஊசிக்குக் கீழே வளைத்துக் கொடுப்பது அந்த விரல்தான். ஜாக்கெட்டில் கை பொருத்தும் கைக்குழியைத் திருப்பும்போது துணி எவ்வளவு இழுபடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, அந்த நுனிக்குத்தான் தெரியும். அது போனால் நான் தலையணை உறை தைக்கலாம், ஜாக்கெட் தைக்க முடியாது.

சர்க்கரை டாக்டர் இளவயசுப் பெண். காலையும் இரவும் இன்சுலின் போடச் சொன்னார். நம் உடம்பு சுரக்க வேண்டிய ஒன்று சுரக்காததால் அதை ஊசியில் போடுகிறார்கள், ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதுதான் உடம்புக்குள் தள்ளிவிடும் என்று விளக்கினார். நான் தலையாட்டினேன், மனசு ஆட்டவில்லை. மருந்துக் குப்பி பால் மாதிரிக் கலங்கலாக இருந்தது. கெட்டுப்போனதை என் தலையில் கட்டுகிறார்களோ என்று நர்ஸைக் கேட்டேன்.

"இந்த மருந்து அப்படித்தாங்க்கா இருக்கும்" என்று அவள் குப்பியை உள்ளங்கையில் உருட்டினாள்.

"ஏன் உருட்டுற?"

"உருட்டினாத்தான் கலக்கும்."

"நேத்து வந்த சிஸ்டர் இவ்ளோ நேரம் உருட்டலியே?"

அன்றிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்தாலே முதலில் குப்பியைக் கண்முன் காட்டி, நன்றாக உருட்டி, அப்புறம்தான் ஊசி போடுவாள்.

பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டையிலிருந்து மேரி அக்கா. காலில் புண். ஊழியம், ஜெபம் என்று இருக்கிறவர். ஆனால் வாய் மட்டும் சந்தைக்கடை. "இந்தம்மா போலீஸ்ல சேந்திருந்தா ஜில்லாவுல ஒரு திருடன் இருக்கமாட்டான்" என்று என்னைக் காட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இதற்குள் புரட்டாசி பிறந்தது. எங்களுக்குக் குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பெருமாள். வருஷா வருஷம் புரட்டாசியில் சனிக்கிழமை மட்டும் ஒருபொழுது இருப்பேன். அதாவது மதியம் ஒருவேளைதான் சோறு. இந்தமுறை மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து தலையணைக்கு அடியில் வைத்து, விரல் தேறியது என்று டாக்டர் வாயால் சொல்லும்வரை தினமும் ஒருபொழுது என்று வேண்டிக்கொண்டேன். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும், மேரி அக்காவுக்குத் தெரியும். அந்த வார்டில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சாமிக்கு ஏதாவது ஒன்றை விட்டுத்தான் படுத்திருந்தார்கள். பால், பழம் எடுத்துக்கொண்டால் ஒருபொழுது கெடாது, ராத்திரிக்கு அதுதான். சோறும், அரிசியில் ஆன பலகாரமும்தான் ஆகாது. அதனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். இன்சுலின் போடும்போது சில நேரம் சர்க்கரை ரொம்பக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். லோ சுகர் என்பார்கள். அப்படி வந்தால் உடனே ஏதாவது இனிப்பாகச் சாப்பிட வேண்டும். எனக்கு இதுவே சந்தேகம். இனிப்பைத் தொடாதே என்று சொன்ன வாயே இனிப்பைச் சாப்பிடு என்றால் எதை நம்புவது?

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் என் தம்பி, ஊருக்கு வந்த கூட்டாளி கையில் ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தனுப்பினான். விரல் நீளம், இரண்டு விரல் தடிமன். மேலே சாக்லேட், உள்ளே கேரமல். கேரமல் என்பது சர்க்கரையைச் சிவக்கக் காய்ச்சி, பாலும் வெண்ணெயும் சேர்த்த பாகு. கடித்தால் நூல் மாதிரி இழுபடும். எனக்கு முதலில் அது சைவமா என்பதே தெரியவில்லை. நம்மூர் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும், இதில் இல்லை. தம்பிக்குப் போன் போடச் சொன்னேன்.

"அக்கா, அதுல முட்டை இல்ல, மாடு கீடு எதுவும் இல்ல. நான் படிச்சுப் பாத்துட்டேன்."

"சோயா லெசித்தின்னு ஒண்ணு போட்டுருக்காம். அது என்னா பிராணி?"

"பிராணி இல்லக்கா, சோயா பருப்பு. எண்ணெயும் பாலும் பிரியாம இருக்கப் போடுறது. மாமாகிட்ட குடு, ஒங்கிட்ட பேசுனா காசுதான் தீரும்."

இவர் போனை வாங்கிக்கொண்டார். "மச்சான், ஒங்கக்கா இந்தச் சாக்லேட்டுக்கு ஜாதகம் பாக்குறா. பொருத்தம் இருந்தாத்தான் திம்பாளாம்."

அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். எடை ஐம்பது கிராம். சர்க்கரை இருபத்தேழு கிராம். அதாவது பாதிக்கு மேலே சர்க்கரை, டீ ஸ்பூனில் ஐந்துக்கு மேல் வரும். கலோரி இருநூற்று நாற்பது. சேர்த்திருக்கும் சாமான்களில் குளுக்கோஸ் சிரப்.

"அடியே செல்வி, குளுக்கோஸே இருக்குதுடி இதுல! ட்ரிப்ஸ்ல ஏத்துறாங்களே, அதேதான். அப்புறம் பாரு, இருநூத்தி நாப்பது கலோரி. இட்லிக்கு அறுபது. அப்ப இது ஒண்ணு நாலு இட்லிக்குச் சமம். கணக்கு கரெக்டா இல்ல?"

கணக்கு கரெக்டாகத்தான் இருந்தது. அரிசி படவில்லை, பாலில் செய்தது, நாலு இட்லியின் தெம்பு. பெருமாளுக்கும் குற்றமில்லை, டாக்டருக்கும் குற்றமில்லை. காலை ஊசி போட்டதும் ஒரு சாக்லேட் தின்றேன். "டிபன் ஆச்சா அக்கா?" என்று நர்ஸ் கேட்டால் "ஆச்சும்மா" என்பேன். மேரி அக்கா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒங்க பெருமாளு இட்லி கூடாது சாக்லேட் தின்னுன்னு எப்பம்மா சொன்னாரு?"

"பாலு தப்பில்லக்கா."

"அப்ப மைசூர்பாகும் பாலுதான்."

"அதுல கடலை மாவு இருக்குதே" என்றேன். எனக்கு அவ்வளவு தெளிவு இருந்தது.

பத்து, பதினோரு மணிவாக்கில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். ஜாக்கெட் முதுகோடு நனையும். பசியா, பயமா, விரல் விஷம் ஏறுகிறதா என்று தெரியாது. லோ சுகருக்கு இனிப்பு என்று சொன்னார்களே என்று இன்னொரு சாக்லேட் பிரிப்பேன். அது கேட்காது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். பயத்தில் மூன்றாவதையும் பிரிப்பேன். அரை மணி, முக்கால் மணி கழித்துத் தெளியும். நர்ஸ் மிஷினை எடுத்துக்கொண்டு வந்து விரல் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை ஏறிவிட்டிருக்கும். "நார்மலா இருக்குதுக்கா, பயந்துக்காதீங்க" என்று போய்விடுவாள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கினவள் நிஜமாகவே நடுங்கினாலும் யாரும் நம்புவதில்லை.

மதியம் ஒருபொழுதுச் சோறு. ஒருவேளைதானே என்று வீட்டுக்காரர் மெஸ்ஸில் இரண்டு ஆள் சாப்பாட்டைக் கட்டி வருவார். சாயங்காலம் சோதித்தால் முந்நூறுக்கு மேலே. டாக்டரம்மா ஊசியின் அளவைக் கூட்டுவார். மறுநாள் காலை இன்னும் நடுக்கம், இன்னும் சாக்லேட். சாயங்காலம் இன்னும் மேலே. மறுபடி அளவு கூடும்.

இப்படியே போனதில் எல்லாருக்கும் எல்லார் மேலேயும் சந்தேகம் வந்தது. டாக்டரம்மா, "யாரு ஒங்களுக்கு ஸ்வீட் குடுக்கிறா?" என்று என்னைக் கேட்காமல் இவரைக் கேட்டார். "வீட்லேர்ந்து ஒரு அப்பளம்கூட வர்ல மேடம்" என்றார் இவர். பொய் இல்லை. சாக்லேட்டை நாங்கள் இனிப்பில் சேர்க்கவில்லை, அதை மருந்தில் சேர்த்திருந்தோம். என்னைத் தனியே விட்டுப் போனால் மேரி அக்காவைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் அல்வாவை நான் வாங்கித் தின்கிறேனோ என்று இவருக்குச் சந்தேகம். எனக்கோ ஆஸ்பத்திரி மேலேயே. ஊசி கூடக் கூடச் சர்க்கரை ஏறினால் அது என்ன மருந்து? கட்டில் வாடகைக்காக என்னைத் தேறவிடாமல் வைத்திருக்கிறார்களா? தம்பி கொடுத்தனுப்பியதை வழியில் எவனாவது மாற்றிப் போலிச் சரக்கை வைத்துவிட்டானா? காகிதத்தை முகர்ந்து பார்த்தேன், ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

விரல் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கெட்டுக்கொண்டே வந்தது. நுனியில் கறுப்பு. அறுவை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இன்னும் ஒரு வாரம் பாப்போம். அதுக்குள்ள சர்க்கரை கட்டுக்குள்ள வர்லன்னா, எடுத்துடுவோம். எலும்புல எறங்குனா ஒரு கணுவோட நிக்காது" என்றார். இவர் வராண்டாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தூசி என்றார். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஏது தூசி?

மறுநாள் காலை நடுக்கம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. ஒரு சாக்லேட் தின்றேன். அடுத்ததைப் பிரிக்கக் கை ஓடவில்லை. மேரி அக்கா ஏதோ கேட்கிறார், எனக்கு வார்த்தை வரவில்லை. "சிஸ்டர், இந்தம்மா கண்ணு சொருவுது, ஓடியா" என்று அவர் போட்ட கூச்சல்தான் கடைசியாகக் காதில் விழுந்தது. நர்ஸ் ஓடிவந்து குத்திப் பார்த்ததில் சர்க்கரை முப்பத்தெட்டாம். உடனே நரம்பில் குளுக்கோஸ் ஊசி போட்டார்கள். ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம்கூட இருக்காது, கண்ணைத் திறந்தேன். எதிரே டாக்டரம்மா நின்றிருந்தார்.

வேறு யாராவது இருந்தால் சாமி காப்பாற்றியது என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். எனக்கு வந்தது சந்தேகம்.

"மேடம், இப்ப நீங்க போட்டது என்னா?"

"குளுக்கோஸ்."

"இது போட்ட ஒடனே கேக்குது. இந்தச் சாக்லேட்டுலயும் குளுக்கோஸ் இருக்குது, அஞ்சு ஸ்பூன் சர்க்கரை இருக்குது. இத தின்னா கேக்கவே மாட்டேங்குது. அப்ப இது போலிதானே?"

டாக்டரம்மா தலையணைப் பக்கம் பார்த்தார். பிரித்த காகிதங்களும் பெட்டியும் அங்கேயே இருந்தன. ஒன்றை எடுத்து, பின்பக்கத்தை என் பக்கம் திருப்பி, நாங்கள் படித்து நிறுத்திய இடத்துக்குப் பக்கத்தில் நகத்தை வைத்தார்.

"இதப் படிச்சீங்களா? கொழுப்பு, பன்னெண்டு கிராம்."

"கொழுப்புன்னதும் ஒடம்பு வைக்கும், அவ்ளோதானேன்னு மேல படிக்கல மேடம்" என்றார் இவர்.

"ஊசியில நான் போட்டது நேரா ரத்தத்துக்குப் போயிடுது. தின்னா வயித்த தாண்டித்தான் போவணும். வெறும் சர்க்கரைத் தண்ணின்னா ஓடிடும். எண்ணெயும் வெண்ணெயும் கூட இருந்தா வயிறு அத மெதுவாத்தான் கீழ விடும். அதுக்குள்ள ஒண்ணுக்கு மூணா தின்னுடுறீங்க. அவ்வளவும் லேட்டா வந்து சேருது, மத்தியானச் சோத்தோட. சாயங்காலம் நான் பாக்குறப்ப முந்நூறு." அவர் காகிதத்தைக் கீழே வைத்தார். "சரி, காலையில டிபனுக்கு மேல எதுக்கு இத தின்றீங்க?"

"இதாங்க டிபன். நாலு இட்லிக்குச் சமம்" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நின்றபடியே பேசுகிறவர் அவர். கலோரி சமம்தான் என்றார். ஆனால் இந்த இருநூற்று நாற்பதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கொழுப்பிலிருந்து வருகிறது. இட்லியில் பெரும்பங்கு மாவு. அந்த மாவை நம்பித்தான் அவர் ஊசி அளவைப் போட்டிருக்கிறார். ஊசி வேலை செய்துகொண்டே இருக்கிறது, அது பிடித்துத் தள்ள உள்ளே போதுமான மாவு இல்லை. அதனால் காலையில் பாதாளம், சாயங்காலம் மலை. மலையை மட்டும் பார்த்து அவர் அளவைக் கூட்டியதில் பாதாளம் இன்னும் ஆழமாகிவிட்டது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சாமி விஷயம் மேடம்" என்றேன்.

"சாமிக்கு நான் குறுக்க வர்ல. ஆனா இந்த ஊசியப் போட்டுட்டு ஒருபொழுது கெடக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு. லோ வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையத் தண்ணியில கலக்கிக் குடிங்க, ஒடனே எங்களக் கூப்பிடுங்க. இத அலமாரியில வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஊசி அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து எழுதியிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. விரலுக்காக வேண்டிக்கொண்டதை விரலுக்காகவே முறிப்பதா? பாதியில் விட்டால் பெருமாள் சும்மா இருப்பாரா? மேரி அக்கா இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. "வேண்டிக்கிட்டத வீட்டாளு ஏத்துக்கலாம்மா. எங்கள்ல உண்டு. ஒங்கள்ல இல்லியா?" என்றார்.

எங்களிலும் உண்டு. இவர் தலையணைக்கு அடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தார். ஸ்ரீமுஷ்ணம் இருக்கும் மேற்குப் பக்கமாகத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இவ ஒருபொழுத எம்மேல ஏத்திக்க, பெருமாளே" என்று சொல்லி அதைச் சட்டைப் பையில் வைத்தார். கண்டக்டர் சட்டை, சில்லறை வைக்கும் பை. அதை டிக்கெட்டுக்கு மீதியாக எவனுக்காவது கொடுத்துவிடப் போகிறாரே என்று உடனே ஒரு கவலை.

அடுத்த நாள் முதல் எனக்கு இட்லி வந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்ப்பார். அவர் நிஜமாகவே ஒருபொழுது இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். வடலூரில் டீயும் குறிஞ்சிப்பாடியில் போண்டாவும் இல்லாமல் டிரிப் அடிக்காத மனுஷன்.

"வாயத் தொறங்க."

"எதுக்குடி?"

"தொறங்க. போண்டா வாடை வருதே."

"அது பஸ்ல ஒருத்தன் தின்னுட்டு வந்தாண்டி. நான் அவன் மூஞ்சியக்கூட பாக்கல."

மேரி அக்கா சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நான் நம்பவில்லை. எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கும்போது அவர் கை லேசாக நடுங்கியதைப் பார்த்தேன். அதுவும் நடிப்போ என்று நினைத்தேன்.

சாயங்காலச் சர்க்கரை முந்நூறிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மிஷினில் எண் வரும்வரை கண்ணை மூடிக்கொள்வேன். காலை நடுக்கம் நின்றது. மறுபடி அனுப்பியிருந்த கல்ச்சர் முடிவு வந்து அதற்கேற்ற மருந்தையும் மாற்றினார்கள். விரல் உள்ளே என்ன ஆகிறது என்று மட்டும் தெரியவில்லை. கட்டுக்குள் இருந்தது.

சொன்ன கெடு வந்தது. அறுவை டாக்டர் காலையிலேயே வந்துவிட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்போது உடுத்தும் பச்சைத் துணியை நர்ஸ் கட்டிலின் காலடியில் மடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை. டாக்டர் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். பஞ்சை நனைத்து எடுத்தார். கறுப்பாக இருந்த தோல் கழன்று வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக இருந்தது. நுனியைப் பிடித்து அமுக்கினார். உயிர் போகிற மாதிரி வலித்தது, கத்திவிட்டேன்.

"நல்லது. வலிக்கணும்" என்றார். "நகம் போவும், மொளைக்கும். விரல் தேறிடுச்சு. வெட்ட வேணாம்."

"நெஜமாவா சார்?"

"நெஜம்."

"நாளைக்கு வந்து வேற சொல்லமாட்டீங்களே?"

"மாட்டேன்மா."

"சிஸ்டர், நீங்களும் கேட்டீங்கல்ல?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். அப்போது என் பின்னாலிருந்து இவர் குரல், ரொம்ப மெதுவாக, பஸ்ஸில் ஒருநாளும் நான் கேட்டறியாத குரலில்:

"சார், அப்ப நான் சாப்பிடலாங்களா?"

டாக்டர் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"ஏன்? நீங்களும் பேஷண்டா?"

"இல்லீங்க சார். இவ பட்டினிய நான் கெடக்கிறேன்."